போகாத ஊரின் சொந்தக்காரர்

சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளித்த மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் என் மாமனார்.

கோயம்புத்தூரில் வெளியூர் விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "என்ன ருசிங்க!" என்று சொன்னால்தான் காபி வரும். பீளமேட்டில் எங்கள் வீட்டில் மட்டும் கதை வேறு. விருந்தாளி அப்படிச் சொன்னதும் மாமனார் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே கையை ஆட்டுவார்.

"இதெல்லாம் ஒரு தண்ணிங்களா? எங்கூர்ல கிருஷ்ணா ஆத்துத் தண்ணி. அதைக் குடிச்ச நாக்குல இது எறங்குமுங்களா?"

கிருஷ்ணா ஆற்றை அவர் கண்ணால் கண்டதில்லை. அவருடைய அப்பா கண்டதில்லை. தாத்தாவும் கண்டதில்லை. எங்கள் ஜனம் ராஜாக்கள் காலத்தில் ஆந்திராவிலிருந்து மாடு கன்றோடு தெற்கே வந்ததாகச் சொல்வார்கள். வந்தவர்கள் கரிசல் மண்ணைக் கண்ட இடத்தில் தங்கிப் பருத்தி போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் மில் கட்டினார்கள், பட்டறை வைத்தார்கள். வந்த வழியை மறந்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். என் மாமனார் மட்டும் நேற்றுத்தான் வண்டியிலிருந்து இறங்கியவர் போலவும், நாளைக்கே வண்டி கட்டப் போகிறவர் போலவும் உட்கார்ந்திருந்தார். பிறந்தது, வளர்ந்தது, தலை நரைத்தது எல்லாம் பீளமேட்டில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். போன மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உனக்கு எந்த ஊரு அம்மணி?"

பெண் பார்க்க வந்தவரே அவர்தான். எங்கள் வீட்டில் வந்து பணியாரம் தின்றவர். மறந்துவிட்டாரோ என்று நினைத்து, "தாராபுரத்துக்குப் பக்கமுங்க மாமா" என்றேன்.

"அது நீங்க இருக்கற எடம். ஊரு எது?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். எங்கள் ஜனத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுப்பெயர் என்று ஒன்று உண்டு. அவர் குடும்பத்தின் வீட்டுப்பெயர், குண்டூர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயராம். ஆகவே அதுதான் ஊர். மற்றதெல்லாம் இருக்கும் இடம். அந்தக் கிராமத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

நான் நிஜமான ஊரிலிருந்து வந்தவள். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கோடையில் அமராவதி ஆறு மணலாய்க் கிடக்கும். கிணற்றில் வாளி விட்டால் சேறு வரும். பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் நடந்து போய், வெயிலில் நடந்து வந்து, வந்த கையோடு எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப்போட வேண்டும். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற வீட்டுக்கு வந்ததற்காக நான் ஒரு நாளும் கண்ணீர் விட்டதில்லை. ஆகவே பார்க்காத ஊருக்காக ஒருவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை. எருமைச் சாணி அள்ளாதவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று தோன்றியது.

பம்ப்செட்டுக்கு உதிரிப்பாகம் கடைகிற சின்னப் பட்டறை ஒன்று குடும்பத்துக்கு இருந்தது. அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். மாமனார் காலையில் ஒரு நடை அங்கே போய், லேத்து ஓட்டுகிற ஆட்களிடம் "எங்கூர்ல" என்று ஆரம்பித்து, அவர்கள் மிஷினைப் போட்டதும் எழுந்து வந்துவிடுவார். மீதி நாளெல்லாம் வீட்டில்தான். சோறு போட்டால், "எங்கூர் அரிசி இப்பிடியா கொழையும்?" மாம்பழம் நறுக்கி வைத்தால், "எங்கூர் மாங்கா வேற." மழை பெய்தால்கூட எங்கள் மழைக்கு அவரிடம் மரியாதை இல்லை. "இது தூத்தல். எங்கூர்ல பேஞ்சா பேஞ்சதுதான்."

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு என்று பெயர். பாதிக்கு மேல் தமிழ். (அதை இங்கே தமிழாகவே எழுதுகிறேன், பெரிய நஷ்டமில்லை.) நான் தாராபுரத்துப் பக்கத்துத் தெலுங்கில் ஏதாவது சொன்னால் மாமனார் கண்ணை மூடிக்கொள்வார். "கெட்டுப்போச்சு. பாசை கெட்டுப்போச்சு" என்பார். தான் பேசுவது அசல் என்று அவருக்கு நினைப்பு. 'வாங்க, உட்காருங்க' என்பதைத் தெலுங்கில் சொல்லி, அதன் வாலில் எங்கள் கோயம்புத்தூர் 'ங்க'வை ஒட்டுவார். "ரண்டிங்க, கூர்ச்சோண்டிங்க." இதுதான் அசல்.

ஒருமுறை குண்டூருக்கு மிளகாய் ஏற்றப் போகும் லாரி டிரைவரிடம் சொல்லி அந்தப் பக்கத்து மண்ணைக் கொண்டுவரச் சொன்னார். டிரைவர் ஒரு சாக்குப்பை நிறையக் கொண்டுவந்து இறக்கினான். மாமனார் அதில் கையை விட்டு அளைந்து, ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்து, கண் கலங்கினார். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்.

"பாத்தியா அம்மணி. நம்ம மண்ணு."

"எங்கப்பா காட்டுலயும் இதே கரிசல்தானுங்க மாமா" என்றேன்.

அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. தொட்டியில் அந்த மண்ணைப் போட்டு ஒரு மல்லிகைக் கன்று வைத்தார். அது பிழைத்ததா என்றால், பிழைத்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது அந்த வீட்டுச் சமையலறை. அதன் கூரையில் ஓடுகள் உடைந்து, மழை வந்தால் அடுப்புக்கு நேராக ஒழுகும். அத்தை, அதாவது என் மாமியார், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குண்டாவை வைத்துக்கொண்டு, ஒரு கையால் கரண்டியைப் பிடித்து, மறு கையால் குண்டாவை நகர்த்தி நகர்த்திச் சமைப்பாள். நான் வந்த வருஷமே கேட்டேன், ஏன் ஓடு மாற்றவில்லை என்று. மாமனார் சொன்னார்: "எதுக்கு அம்மணி? இன்னிக்கோ நாளைக்கோ ஊரைப் பாத்துப் போறவங்க. வாடகை ஊட்டுல மராமத்துப் பண்ணுவாங்களா?"

வாடகை வீடல்ல. அவர் அப்பா கட்டிய சொந்த வீடு. அத்தை குண்டாவில் நிறைந்த தண்ணீரைக் கொண்டுபோய் வெளியில் கொட்டினாள். பிறகு என் வீட்டுக்காரர் ஒருநாள், அப்பா கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆள் வைத்து ஓடுகளை மாற்றினார். மாமனார் திரும்பி வந்து மேலே பார்த்தார். "வீண் செலவு" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

வீட்டில் இன்னொரு ஜீவன் இருந்தது, என் நாத்தனார் சுமதி. பி.காம் முடித்திருந்தாள். அவளுக்குக் கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் ஜனம்தான், பத்துப் பதினைந்து தறி ஓடுகிற வீடு. பையன் ஒரு கல்யாணத்தில் சுமதியைப் பார்த்திருக்கிறான், சுமதியும் பார்த்திருக்கிறாள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ஆளு எப்பிடியோ இருக்கட்டும் அண்ணி. அங்கன்னா காலைல பஸ் ஏறுனா அம்மாகிட்ட மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாயங்காலம் திரும்பிப்போடலாம்."

பெண்கள் மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

மாமனார் அந்த வரனைத் தட்டிவிட்டார். பையனின் அப்பா பேச வந்தபோது முழுக்கத் தமிழிலேயே பேசினாராம். "வேரு அறுந்தவங்க. அந்த ஊட்டுல பொண்ணக் குடுத்தா அடுத்த தலைமுறைக்கு ஊருப் பேருகூடத் தெரியாது" என்றார். தன் பெண் ஊருக்குத்தான் போகவேண்டும் என்பது அவர் முடிவு. ஊர் என்றால் எது என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பட்டறைக்கு வந்து போகும் குண்டூர் பம்ப் டீலர் ஒருவர் மூலம் அதற்கும் வழி பிறந்தது. டீலரின் சொந்தத்தில் ஒரு பையன், உரக்கடை வைத்திருந்தான். ஒரு வைகாசி மாதத்தில் பையன், அவன் அப்பா, பெரியம்மா, கூடவே டீலர் எல்லோரும் பெண் பார்க்க வந்து இறங்கினார்கள். மாமனார் விடியும் முன்பே குளித்து, ஜரிகை வேட்டி கட்டி, வாசலிலேயே நின்றார். ஆயுள் முழுக்கக் காத்திருந்த கூட்டம் வந்துவிட்டது அல்லவா.

"ரண்டிங்க, கூர்ச்சோண்டிங்க!" என்றார்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் தொடர்ந்து பேசினார். நம் ஜனம் எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது, வீட்டுப்பெயர் என்ன, எல்லாவற்றையும் அந்த அசல் தெலுங்கில் மூச்சு விடாமல் சொன்னார். பையனின் பெரியம்மா வாயில் முந்தானையை வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கிற்று. பையனின் அப்பா மரியாதைப்பட்ட மனிதர். கொஞ்சம் பொறுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மீரு அரவவாள்ளா?"

அரவம் என்றால் அந்தப் பக்கத்தில் தமிழ். நீங்கள் தமிழர்களா என்று கேட்கிறார். சின்ன ஏளனமும் அந்தச் சொல்லுக்குள் உண்டு. அதற்குப் பிறகு அவர் மாமனாரிடம் இங்கிலீஷில்தான் பேசினார். மாமனாருக்கு இங்கிலீஷ் அரைகுறை. டீலர் அவர்களுக்குத் தெலுங்கிலும் இவருக்குத் தன் உடைந்த தமிழிலுமாக இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழைச் சகிக்காத மனிதர், தன் ஊர்க்காரர்களோடு பேசத் தமிழைப் பிடித்துக்கொண்டு நீந்தவேண்டி வந்ததை நான் காபித் தட்டோடு நின்று பார்த்தேன். ஆசைதீரத்தான் பார்த்தேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அவர் இடிந்துபோய் உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். உட்காரவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார்.

"பாவம், அவங்க பேச்சு கெட்டுப்போயிருக்குது. நாம பேசறதுதான் பழைய சுத்தம். அங்கயே இருந்ததுல கெட்டுப்போட்டாங்க."

வயிறு எரிந்தாலும் இதை மெச்சத்தான் வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினாலும் விழாத பொம்மை அது.

எங்கள் கெட்டகாலம், அவர்களுக்குச் சுமதியைப் பிடித்துப்போயிற்று. சம்மதம் என்று தந்தி வந்தது. அன்று சுமதி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, அந்தப் பெரியம்மா என்னைப் பாத்து என்னமோ கேட்டாங்க. சிரிச்சு வெச்சேன். என்ன கேட்டாங்கன்னே தெரியல. வாழ்நாளெல்லாம் சிரிச்சுட்டே இருக்கோணுமா?" என்றாள். நான் என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் அப்பாவிடம் பேசப் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அத்தை மட்டும் சமையலறை வாசலில் நின்றபடி மாமனாரிடம் ஒன்று கேட்டாள்.

"மாப்பிள ஊட்டப் பாக்காம எப்பிடிங்க பொண்ணக் குடுக்கறது? ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்துபோடலாங்க. அப்பிடியே நம்ம ஊரையும் நீங்க பாத்தாப்பல ஆச்சு."

மாமனாரால் மறுக்க முடியவில்லை. ரயிலுக்கு முன்பதிவு செய்தார் என் வீட்டுக்காரர். மாமனார், அத்தை, என் வீட்டுக்காரர், நான். சுமதியைப் பக்கத்துத் தெருச் சித்தி வீட்டில் விட்டோம். கிளம்பும் வாரம் முழுக்க மாமனார் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருவதற்காக ஒரு பித்தளைத் தூக்குப்போசியைப் புளி போட்டு விளக்கச் சொன்னார். நான்தான் விளக்கினேன்.

நல்ல மத்தியான நேரம். ரயில் வந்தது, ஏறினோம். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. தூக்குப்போசியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். புறப்படச் சற்று முன்பு திடீரென்று எழுந்தார்.

"தண்ணி புடிச்சுட்டு வாரேன்."

"கூஜா நெறையா இருக்குதுங்கப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது ஒரப்பா இருக்குது. குழாயில புடிச்சுட்டு வாரேன்."

சிறுவாணித் தண்ணீர் உப்புக் கரிக்கிறதாம். இறங்கிப் போனார். பிளாட்பாரக் குழாயடியில் நின்றார். குழாயைத் திறக்கவில்லை. ரயில் ஊதியது. என் வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை விட்டு, "அப்பா! வாங்கப்பா, வண்டி எடுத்துட்டான்!" என்று கத்தினார். ரயில் நகர்ந்தது. ஓடி வந்தால் ஏறிவிடக்கூடிய வேகம்தான். அவர் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. தூக்குப்போசியை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போன குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. பிளாட்பாரம் முடிந்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சங்கிலியைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தார். அத்தை அவர் கையைப் பிடித்தாள்.

"விடு சாமி. அவரு வரமாட்டாரு."

"ஏம்மா, தவறிப்போயிட்டாரும்மா!"

"தவறல. எனக்குத் தெரியும். நாம போலாம்."

போனோம். குண்டூர்ப் பக்கத்து அந்த வீட்டுக்காரர்கள் எங்களை நன்றாகக் கவனித்தார்கள். பொய் சொல்லக்கூடாது. காரம்தான் கண்ணைப் பிடுங்கியது. மறுநாள் அவர்களுடைய ஜீப்பில், மாமனாரின் ஊருக்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாய்க்கால், அதன் கரையில் வீடுகள், களத்தில் சிவப்பாய்க் காயும் மிளகாய், நெடியில் தும்மிக்கொண்டே எருமை மேய்க்கும் பெண்கள். ஒரு டீக்கடை. தாராபுரத்தை நெருங்கும்போது பஸ் நிற்கிற எந்த ஊரும் அப்படித்தான் இருக்கும். வெயில் மட்டும் எங்கள் வெயிலைவிட மோசம்.

எங்கள் வீட்டுப்பெயர் உள்ள குடும்பம் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. கூட வந்த பெரியம்மா மறுபடி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். டீலர் அதைத் தமிழில் சொன்னார்: "இந்த ஊர்ல இருக்கறவனுக்கு இந்த ஊர்ப் பேரு எதுக்கு வரும்னு கேக்கறாங்க. ஊரை விட்டு ஓடிப்போனவனைத்தான் அடுத்த ஊர்க்காரன் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவானாம்."

அத்தை இதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு அந்த வாய்க்காலில் இறங்கி முகம் கழுவிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். "சப்புனு இருக்குது" என்றாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும், பட்டறைக்கு இரும்பு வார்ப்படம் ஏற்றிய லாரி அன்றைக்கு வருவதாக ஞாபகம் வந்ததால் நின்றுவிட்டதாக ஏதோ சொன்னார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்ததையெல்லாம் சொன்னார். வாய்க்கால், களம், டீக்கடை, பெரியம்மா சொன்னது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அது நம்ம ஊரில்ல."

"அப்பா, அந்தப் பேர்ல அந்தத் தாலுகாவுலயே ஒரே ஊருதானுங்க."

"ஒரே பேர்ல ரெண்டு ஊரு இருக்கும். நம்ம ஊரு உள்ள தள்ளி. நீங்க போனது வேற. அங்கிருந்து எங்க பாட்டனாரு வந்திருக்கமாட்டாரு."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் குரல் கூடத்தில் கேட்டது அன்றுதான்.

"ஏனுங்க, நெசமாவே அது நம்ம ஊரில்லீங்களா?"

"இல்லேங்கறேன்."

"நல்லாத் தெரியுமுங்களா?"

"எனக்குத் தெரியாம ஆருக்குத் தெரியும்?"

"அப்ப நம்ம ஊரில்லாத ஊருக்கு நம்ம புள்ளைய எதுக்குங்க அனுப்போணும்? ஊருன்னு சொன்னதாலதான சரின்னீங்க? இல்லீன்னா கருமத்தம்பட்டி என்ன, அது என்ன?"

மாமனார் மாட்டிக்கொண்டார். அது தன் ஊர்தான் என்று ஒப்புக்கொண்டால், அந்த டீக்கடையும் எருமையும் அரவவாள்ளா என்ற கேள்வியும்தான் தன் ஊர் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இல்லை என்றால் கருமத்தம்பட்டி. மகளா ஊரா என்று வந்தபோது அவர் ஊரைத்தான் எடுத்தார். அதனால் மகள் பிழைத்தாள்.

"உங்க இஷ்டம்" என்றார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே பூத்துக்குப் போய் எஸ்.டி.டி. போட்டுப் பக்குவமாகச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்கள், திட்டவில்லை. ஆவணியில் சுமதிக்குக் கருமத்தம்பட்டியில் கல்யாணம். வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து அம்மாவோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டாள்.

பெண்ணைக் காப்பாற்றுவதற்காகவே அவர் வேண்டுமென்று அப்படிச் சொல்லியிருப்பார் என்று என் வீட்டுக்காரர் பின்னாளில் சொல்ல ஆரம்பித்தார். அப்பாக்களைப் பற்றி மகன்கள் இப்படித்தான் கட்டிவிடுவார்கள். நான் நம்பவில்லை. ஏனென்றால் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது அவர் என்னைக் கேட்டார்.

"அம்மணி, அங்க வாய்க்கா இருந்துதுன்னானே. ஊருக்கு எந்தப் பக்கம்?"

"கெழக்கால இருந்துச்சுங்க மாமா."

கண்ணை மூடி, விரலால் காற்றில் திசை போட்டுப் பார்த்தார்.

"எங்கூர்ல மேக்கால" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழிக் காலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அஸ்தியைக் கிருஷ்ணாவுக்குக் கொண்டுபோகலாமா என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அத்தை, "உசுரோட போகாதவரு செத்தா போவாரு?" என்றாள். கொடுமுடிக்குக் கொண்டுபோய்க் காவிரியில் கரைத்தோம்.

எல்லாக் காரியமும் முடிந்து சில மாதம் கழித்து அத்தை என்னிடம் வந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒன்றை எடுத்து உரித்தாள்.

"கண்ணு, என்னைய ஒருக்கா உடுமலைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில்தான் அத்தை பிறந்து வளர்ந்தாள். எனக்குத் தெரியும். ஆனால் அவள் அங்கே போய் நான் பார்த்ததில்லை. யாரும் இல்லாததால் போகவில்லை என்று நினைத்திருந்தேன்.

"மறுவீட்டுக்குப் போனேன். அப்பறம் எங்கம்மா செத்தப்பப் போனேன். அன்னிக்கும் பொழுதோட கூட்டிட்டு வந்துட்டாரு. நடுவுல எப்பக் கேட்டாலும், காஞ்ச காடு, அங்க என்ன கெடக்குது, போனா நம்ம ஊருக்குப் போவோம்னு சொல்லிப்போடுவாரு. தம்பி தோட்டத்த வித்துட்டுத் திருப்பூருக்குப் போறப்பவாச்சும் பாத்துப்போடலாம்னு கேட்டேன். விடல."

கோயம்புத்தூரிலிருந்து உடுமலைக்கு நினைத்த நேரத்தில் பஸ். நாலு தெரு தள்ளி ஏறினால் இட்லி ஆறுவதற்குள் பாதி தூரம். கிருஷ்ணா நதிக்காக அழுதவர், பக்கத்தில் படுத்திருந்தவளை அவள் அம்மாவைப் பார்க்க விடவில்லை. அந்த மல்லிகைத் தொட்டியைத் தூக்கித் தெருவில் போடவேண்டும் போல இருந்தது எனக்கு.

அடுத்த சனிக்கிழமை காலையில் போனோம். உடுமலையில் இறங்கி டவுன் பஸ் மாறி, ஒரு மண் தடத்தில் நடந்தோம். அத்தை வழி கேட்காமல் நடந்தாள். ஒரு திருப்பத்தில் நின்றாள். வீடு இல்லை. அந்த இடத்தில் நீளமாகத் தகரக் கூரை போட்ட கோழிப்பண்ணை இருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் கோழிகள். நாற்றம் தாங்கவில்லை. கிணறு மட்டும் அப்படியே இருந்தது, மோட்டார் வைத்திருந்தார்கள். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அழவில்லை.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி தீவனச் சட்டியோடு வெளியே வந்தாள்.

"ஆருங்க நீங்க? கோழி வேணுமுங்களா?"

இது என் வீடு என்று அத்தை சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆமாங்க அம்மணி. நல்லதாப் பாத்து ஒண்ணு குடுங்க" என்றாள் அத்தை.

அந்தப் பெண் கோழியைக் காலைக் கட்டி அத்தையின் ஒயர் கூடையில் போட்டாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அத்தை கூடையை மடியிலேயே வைத்திருந்தாள். கோழி தலையை வெளியே நீட்டி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தது. கண்டக்டர் ஏதோ முணுமுணுத்தார். அத்தை அவரைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுமதியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அத்தை தானே மிளகு அரைத்து, தானே குழம்பு வைத்தாள். எங்களுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் சோறும் குழம்பும் இரண்டு துண்டுக் கறியும் போட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மாமனாரின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க" என்றாள். "எங்க ஊட்டுக் கோழி. சாப்புடுங்க."